ஏழாவதை விட்டுவிட்டீர்கள், மாமா

கெய்ரோ
21 ஆகஸ்ட் 1947

மரியாதைக்குரிய மெத்வல்லி மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் தவ்லத் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்கால், என் தங்கை இன்ஷிராஹின் வயிறு, வாத்துகள் எல்லாம் நலமா? பெருநாளுக்கு வர முடியவில்லை. நான் நர்ஸாக இருக்கிற காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குப் பெருநாள் கிடையாது.

தங்கையை அவள் புருஷன் உங்களிடம் விட்டுவிட்டு சூயஸுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நவம்பரில் பிரசவம். இப்போதோ நைலில் வெள்ளம் வருகிற காலம். போன வசந்தத்தில் ஊரில் காய்ச்சல் பரவியபோது உங்கள் வீட்டில் ஒரு சோப்புக்கட்டி இருந்ததா? “சோப்பு எங்கே?” என்று எனக்குத் தந்தி அடித்தீர்கள். நான் கெய்ரோவில் இருந்தேன், மாமா.

இந்த முறை முன்கூட்டியே தயாராகுங்கள். பின்பக்கத்தில் பன்னிரண்டு குறிப்பு எழுதியிருக்கிறேன். பூட்டுப் போட்ட பெட்டி, அதில் சோப்பு, சுண்ணாம்பு, தண்ணீரில் கலக்கிற சிவப்பு மருந்து (பெர்மாங்கனேட்), சர்க்கரை, உப்பு, சுத்தமான துணி, மண்ணெண்ணெய். குடிக்கிற தண்ணீர் கொதித்ததாக இருக்கட்டும். ஏழாவதை இரண்டு தடவை படியுங்கள். தெருவாசலில் இருக்கிற தண்ணீர்ச் சாடியையும் சங்கிலி போட்ட குவளையையும் எடுத்துவிடுங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த ஒரு குவளையில்தான் வாய் வைக்கிறார்கள். வகீதா மாமியின் ஆன்மாவுக்காக வைத்தது என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கையை முத்தமிட்டு,
தவ்லத்


கஃப்ர் சவாக்கி
30 ஆகஸ்ட் 1947

கெய்ரோ மாநகரின் காய்ச்சல்களைக் காதைப் பிடித்து மூலையில் நிறுத்துகிற ஹக்கீமா தவ்லத் அம்மையாரின் சமூகத்துக்கு, டெல்டா இருப்புப்பாதையில் முப்பத்தோரு வருஷம் கொடி அசைத்து, ஒரு ரயிலைக்கூடத் தொலைக்காமல் ஓய்வுபெற்ற உதவி நிலைய அதிகாரி மெத்வல்லி கைகட்டி எழுதிக்கொண்டது.

முழங்கால் நலம். காற்று மாறுவதை மூன்று நாள் முன்னதாகச் சொல்கிறது, அரசாங்கம் கேட்டால் வாடகைக்கு விடலாம். இன்ஷிராஹ் நலம். அவள் வயிறு அவளுக்கு அரை நிமிஷம் முன்னால் அறைக்குள் நுழைகிறது. நீ சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரிப் பருப்பில் பருப்பு இருக்கிறதா?

உன் கட்டளைகளை நிறைவேற்றினேன். பெட்டி செய்த தச்சன் கடைசி ஆணியை அடித்துவிட்டு உள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டான், அவனைத் தேட ஆள் அனுப்பினோம். அவ்வளவு பெரிசு. பூட்டு, ஒரு காலத்தில் நிலையத்தின் பார்சல் அறையைக் காத்தது. சாவி என் கழுத்தில். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. சோப்பு நாற்பது கட்டி. எதிரி தெருமுனையில் வாசனை பிடித்தே திரும்பிப் போய்விடுவான்.

சிவப்பு மருந்து கடுகளவு போதும் என்று எழுதியிருந்தாய். உன் மாமன் கடுகளவில் எதைச் செய்தான்? வாத்துத் தொட்டியில் ஒரு கரண்டி போட்டேன். இப்போது எகிப்து நாட்டிலேயே ஊதா நிற வாத்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டு உம் ஷலபி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணே, வாத்துக்கு என்ன சீக்கு?”

“சீக்கு இல்ல. மந்திரி வீட்டு சாதி அது.”

“முட்டையும் ஊதாவாத்தான் இடுமா?”

“நல்ல மனசுக்காரங்க வீட்டுல இடும். உன் வீட்டுல வெள்ளையாத்தான் இடும்.”

அன்றிலிருந்து என்னிடம் மிகவும் நல்லவளாக நடந்துகொள்கிறாள்.

சர்க்கரை வாங்கினேன், தீர்ந்தது. இன்ஷிராஹின் மாமியார் வந்திருந்தார். மாமியார் வருகை அவசரநிலையா என்று உன் குறிப்பில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஆறாவதின்படி வீட்டுக் குடிநீர் கொதிக்கிறது. எட்டாவதின்படி கழிப்பறைக்குச் சுண்ணாம்பு. ஒன்பதாவதின்படி ஈக்களுக்கு எழுத்துமூலமாக அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் ஆயிற்று.

உன் தலையை முத்தமிடும்,
மெத்வல்லி


கெய்ரோ
6 செப்டம்பர் 1947

அன்புள்ள மாமாவுக்கு ஸலாம். நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

ஆறு. எட்டு. உங்கள் ரயில் நடுவில் ஒரு நிலையத்தில் நிற்காமல் போயிருக்கிறது.

வாத்துகளை வைத்து ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். பெட்டி எதற்கு, மாமா? அழகு பார்க்கவா? சர்க்கரையைத் திரும்ப வாங்குங்கள். சாவியில் ஒன்றை இன்ஷிராஹிடம் கொடுங்கள். ஏழாவதைச் செய்துவிட்டு எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள், ஆயிற்று என்று.

தவ்லத்


கஃப்ர் சவாக்கி
15 செப்டம்பர் 1947

அக்காவுக்கு, இன்ஷிராஹ்.

நான் நலம், குழந்தை உதைக்கிறது. இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. உம் ஷலபி தபாலில் போடுகிறாள்.

நீ ஒரு பெட்டி வைக்கச் சொன்னாய், எனக்கு ஒரு ஜெயில் வந்து சேர்ந்தது. துணி துவைக்க சோப்பு கேட்டேன். “இது அவசரமா?” என்றார். “மாமா, துணி அழுக்கு” என்றேன். “அழுக்கு அவசரமில்ல, அன்றாடம்” என்கிறார். நாற்பது கட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு உம் ஷலபியிடம் போய் அரைக் கட்டி கடன் வாங்கித் துவைத்தேன். அவள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நம் குடிநீரைக் கொதிக்கவைக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் விடிந்ததும் வாசல் சாடியில் ஒரு குவளை மொண்டு, மாமி பேரைச் சொல்லி, முதல் தண்ணீரை அவரே குடிக்கிறார். நீ இருந்தபோதும் அப்படித்தானே. அதை நிறுத்தச் சொன்னேன். காது கேட்காதவர்போல வாத்துக்குத் தீனி போடப் போய்விட்டார்.

எனக்குப் பயமில்லை அக்கா. எரிச்சல்தான்.

இன்ஷிராஹ்


கெய்ரோ
27 செப்டம்பர் 1947

மாமாவுக்கு ஸலாம். நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

கிழக்கு மாகாணத்தில் காலரா வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் விடுமுறைகளை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். உங்கள் பக்கம் வர அதிக நாள் ஆகாது. ரயிலை நிறுத்தப்போகிறார்கள் என்கிறார்கள், அப்புறம் நான் நினைத்தாலும் வர முடியாது. இன்ஷிராஹ் எட்டாம் மாதத்துக்குள் போகிறாள். இந்த நோய் கர்ப்பிணிகளை என்ன செய்கிறது என்று எழுதமாட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பச்சைக் கீரை வேண்டாம். சந்தைப் பேரீச்சம்பழம் வேண்டாம். தடுப்பூசிக்காரர்கள் வந்தால் வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் சாடியை இன்றே எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தவ்லத்


கஃப்ர் சவாக்கி
5 அக்டோபர் 1947

எகிப்தின் கோட்டைக் கதவைத் தன் ஒரு தோளால் தாங்கி நிற்கிற ஹக்கீமாவுக்கு, கஃப்ர் சவாக்கிப் போர்முனையிலிருந்து தளபதி மெத்வல்லி அனுப்பும் செய்தி. வீட்டில் அனைவரும் நலம். நீ நலமாக இருந்தாக வேண்டும் என்பது என் கட்டளை.

காலரா வந்தால் வரட்டும். இங்கே நான் நைல் நதியையே வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். பம்பு ஸ்டவ் இரைகிற இரைச்சலில் தெருவில் பேச்சுவார்த்தை நின்று, பல குடும்பங்களில் சமாதானம் ஏற்பட்டிருக்கிறது. மிதக்கிற மீன்களை நான் ஒன்றும் செய்யவில்லை, அவை தாமாக வெந்தவை.

நேற்று ஊசிக்காரர்கள் வந்தார்கள். ஜனங்கள் மாடியேறினார்கள், வைக்கோல்போருக்குள் புகுந்தார்கள், ஒருவன் அடுப்புக்குள்ளேயே ஒளிந்தான். யார் பிடித்துக் கொண்டுவந்தது? பழைய பச்சைக் கொடியை எடுத்தேன், விசிலை ஊதினேன். தெரு முழுவதும் வரிசையில் நின்றது. உம் ஷலபி மட்டும் தூணைக் கட்டிக்கொண்டாள்.

“ஊசி போட்டா புள்ள பொறக்காதாமே அண்ணே.”

“உனக்குத்தான் ஏழு இருக்கே. எட்டாவது எதுக்கு, கால்பந்துக் குழுவுக்கு ஆள் குறையுதா?”

“நீ முதல்ல போட்டுக்கோ, நான் பின்னாடி போட்டுக்கறேன்.”

“தளபதி கடைசியாத்தான் கப்பல்லேர்ந்து எறங்குவான்.”

இன்ஷிராஹின் கையை நானே பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். ஊசி போட்டவர், சவரத்தோடு ஊர் வைத்தியமும் பார்க்கிற நம்முடைய சுகாதார நாவிதர் உஸ்தா கமீஸ். அவரோடு நான் பேசுவதில்லை. ஊசி போட்டுவிட்டு, வழக்கம்போல நம் வாசலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

வாசலில் இருக்கும் தண்ணீரைப் பற்றி நீ கவலைப்படாதே. வெள்ளத்துச் சேறு கலங்கிய தண்ணீரா அது? வெள்ளிக்கிழமைதோறும் சாடியின் உட்புறம் கசப்பு வாதுமைப் பருப்பைத் தேய்க்கிறேன், ஒரு மணி நேரத்தில் சேறு முழுக்க அடியில் படிந்துவிடும். அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். அவ்வளவு தெளிவான தண்ணீரில் எந்த நோய் ஒளிந்துகொள்ளும்? என் கண்ணுக்குத் தெரிந்துவிடாதா?

மெத்வல்லி


கஃப்ர் சவாக்கி
14 அக்டோபர் 1947

அக்கா, இன்ஷிராஹ். நான் நலம்.

நம் தெருவில் காலரா கண்ட இரண்டு பேரை, நோயாளிகளுக்கென்று ஊருக்கு வெளியே போட்டிருக்கிற கூடாரத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சலவைக்கார அம்மா ஒருத்தி, வேர்க்கடலை விற்கிற ஸாபிர் ஒருவர். ஸாபிரை உனக்குத் தெரியும். மதியம் நம் வாசலில் கூடையை இறக்கிவிட்டு இரண்டு குவளை குடிப்பார், மாமாவோடு நின்று வம்பளப்பார். அந்த அம்மாவும் துணி மூட்டையோடு போகிற வழியில் இங்கேதான் குடிப்பாள். எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? கால்வாயில் குடித்தவர்களும் விழுகிறார்கள்.

மாமா இரண்டு நாளாக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாடிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். “எடுத்துடலாமே மாமா” என்றேன்.

“எடுக்கத் தெரியல தாயி” என்றார்.

நேற்றுக் காலையும் முதல் குவளையைக் குடித்தார். குடித்த கையோடு வந்து என் தட்டில் ரொட்டியைப் பிட்டு வைத்தார். நான் சாப்பிடவில்லை. அதை அவர் பார்த்தார்.

நீ ஏதாவது எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டார். அதட்டி எழுதாதே, அது பலிக்கவில்லை.

இன்ஷிராஹ்


கெய்ரோ
18 அக்டோபர் 1947

மாமா,

உங்கள் நலத்தைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஏழாவதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உங்களை நச்சரித்தேன். அதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தே கேட்டேன். பதினொரு வருஷமாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

மாமிக்கு டைபாய்டு வந்து பன்னிரண்டாம் நாள். நீங்கள் நிலையத்தில் இருந்தீர்கள். உஸ்தா கமீஸ் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒரு சொட்டு தண்ணி குடுத்தாலும் குடல் கிழிஞ்சிடும். கேட்டா கேக்கட்டும், நீ குடுத்துடாத” என்றார். எனக்குப் பதினான்கு வயது. மாமி தண்ணீர் கேட்டார். முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு என் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குவளையை நிரப்பினேன். கட்டில்வரை கொண்டுபோனேன். பயம் வந்துவிட்டது. “இதோ வந்துடும் மாமி, தங்கச்சி எடுத்தாரப் போயிருக்கா” என்று பொய் சொல்லிவிட்டுக் குவளையை ஒளித்துவைத்தேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் ஓடிவந்து, “கடைசியா என்ன கேட்டா?” என்றீர்கள். “ஒண்ணும் கேக்கல” என்றேன்.

நாற்பதாம் நாள் வாசலில் சாடியை வைத்தீர்கள். ஏன் தண்ணீர் என்று நான் கேட்டதில்லை. அந்தச் சாடியில் நான் ஒரு தடவையும் குடித்ததில்லை, கவனித்திருக்கிறீர்களா?

மாமா, தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். இப்போது எனக்குத் தெரியும். இங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம், கேட்க முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றுகிறோம். ஒரு வார்டு முழுவதும் தண்ணீர் கேட்கிற சத்தம், நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் ஏழாவதை மாற்றி எழுதுகிறேன். சாடியை எடுக்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரால் நிரப்புங்கள். மூடி போடுங்கள். குவளையை மட்டும் எடுத்துவிட்டு, நீளமான கைப்பிடிக் கரண்டியால் மொண்டு அவரவர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். வாதுமைப் பருப்பு சேற்றைத்தான் படியவைக்கும். நோய் கண்ணுக்குத் தெரியாது மாமா. தெளிவாக இருக்கிற தண்ணீர்தான் எனக்கு அதிகப் பயம்.

மாமி கேட்டது நல்ல தண்ணீர். அவர் பேரில் கொடுப்பதும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

தவ்லத்


கஃப்ர் சவாக்கி
4 நவம்பர் 1947

அக்கா, உன் அடுத்த மூன்று கடிதங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பதில் எழுத ஆள் இல்லை. நானும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் நலம். அதை முதலில் படித்துவிட்டு மீதியைப் படி.

உன் பெரிய கடிதம் வந்த அன்று மாமா அதை மாடிக்கு எடுத்துப் போனார். இறங்கி வந்து சாடியைக் கவிழ்த்தார், கொதிநீரால் கழுவினார். இரண்டு ஸ்டவ் பற்றவைத்து நாள் முழுக்கக் கொதிக்கவைத்து நிரப்பினார். உம் ஷலபியின் நீளக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டு நாள் அப்படி நின்றார். மூன்றாம் நாள் காலையில் கரண்டியோடு அப்படியே சுவரில் சரிந்துவிட்டார். முன்பே அவருக்குள் வந்துவிட்டிருக்கிறது.

கூடாரத்துக்குத் தூக்கிப் போகும்போது என்னைக் கிட்டே வரவிடவில்லை. “தள்ளி நில்லு, இதுதான் அவசரம்” என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, சாவி அவர் கழுத்தில்.

எனக்கு வந்த கோபத்தில் பித்தளை உலக்கையை எடுத்து அந்த ரயில்வே பூட்டை உடைத்தேன். எட்டு மாத வயிற்றோடு. உம் ஷலபி பின்னால் நின்று, “அடி, இன்னும் ஒண்ணு போடு” என்று எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே நீ எழுதிய எல்லாம் இருந்தது, சர்க்கரை உட்பட. சுண்ணாம்பு கரைத்து அவர் படுத்த இடம், முற்றம், கழிப்பறை எல்லாம் ஊற்றினோம். துணிகளைக் கொதிக்கவைத்தோம். நாற்பது கட்டியில் பதினேழு போயிற்று. எங்களில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. உன் பன்னிரண்டு குறிப்பையும் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பெட்டியின் அடியில் வாசல் குவளை இருந்தது. மாமியின் பழைய தலைத்துணியில் சுற்றி. அதை ஏன் அங்கே பூட்டினார் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா தேறிவருகிறார் என்று கூடாரத்திலிருந்து நல்ல செய்தி வருகிறது. ஸாபிர் மட்டும் திரும்பவில்லை.

சாடி நிறைந்திருக்கிறது. கரண்டி உம் ஷலபி கையில்.

இன்ஷிராஹ்


கஃப்ர் சவாக்கி
24 நவம்பர் 1947

ஹக்கீமா அம்மையாருக்கு, அரசாங்க விருந்தாளியாகப் பதினான்கு நாள் கூடாரத்தில் தங்கித் திரும்பிய மெத்வல்லி எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னி. படுத்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உன் கையெழுத்தும் போன தடவை கோணலாக இருந்தது. உன் நலம் எப்படி?

முதலில் நல்ல செய்தி. பன்னிரண்டாம் தேதி இன்ஷிராஹுக்குப் பெண் குழந்தை. வகீதா என்று பேர் வைத்திருக்கிறோம். குரலைக் கேட்டு மூன்று மைல் தள்ளி ஒரு சரக்கு ரயில் நின்றுவிட்டதாம்.

கூடாரத்தில் என்னிடமிருந்து வெளியேறிய தண்ணீரில் ஒரு போகம் நெல் விளைவித்திருக்கலாம். எனக்குள் ஏற்றிய தண்ணீரில் இன்னொரு போகம். “தண்ணி” என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். உன் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்தாள்.

அங்கேயே எனக்கு ஊசியும் போட்டார்கள். ஆமாம், முன்பு போட்டுக்கொள்ளவில்லை. கமீஸ் கையால் வேண்டாம் என்று கொடியை அசைத்துக்கொண்டே வரிசையிலிருந்து நழுவிவிட்டேன். இரண்டாவது ஊசிக்கு அவரே நம் வீட்டுக்கு வந்தார், பதினொரு வருஷத்தில் முதல் தடவை. வாசலில் நின்றார். கரண்டியால் மொண்டு அவர் கையில் ஊற்றினேன். குடித்தார். பிறகு கையை நீட்டினேன். அவர் சாடியைப் பார்த்தார், நான் வாத்துகளைப் பார்த்தேன். ஊசி எப்படியோ இடம் கண்டுபிடித்துப் போய்விட்டது.

ஸாபிர் திரும்பவில்லை. அவர் கூடை நம் முற்றத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏழு மடங்கு பெரிதாக்கிச் சொல்கிறவன் நான். இதை இப்படியே சொல்லத்தான் தெரிகிறது.

இனி உன் ஏழாவது குறிப்பு.

நீ “ஒண்ணும் கேக்கல” என்று சொன்ன மறுநாள், அவள் அறையின் ஜன்னலைத் திறந்தேன். மரத்தட்டிக்குப் பின்னால் குவளை. விளிம்புவரை தண்ணீர். ஒரு சொட்டுக் குறையவில்லை, ஒரு சொட்டுச் சிந்தவும் இல்லை. கமீஸை வழியில் நிறுத்திக் கேட்டேன், அவர் என்ன உத்தரவு போட்டார் என்று சொன்னார். கொடுக்க மனமில்லாதவள் குவளையை நிரப்புவாளா, அம்மா? ஒரு குழந்தை அதைக் கட்டில்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, கொட்டிவிடவும் மனமில்லாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் ஒளித்துவைத்திருக்கிறது. அந்தக் குவளையைத்தான் சாடியில் சங்கிலி போட்டுக் கட்டினேன். தினமும் முதல் தண்ணீரை அதில்தான் குடித்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. நீ சொல்லாமல் வைத்திருந்ததை நான் எப்படிச் சொல்வேன்? நீ ஹக்கீமா படிக்கப் போகிறேன் என்றபோது ஊரே, “பொண்ணு ஆஸ்பத்திரி வேலைக்கா?” என்றது. நான் எதிர்க்கவில்லை, ஏன் என்று உனக்கு இப்போது தெரியும்.

சாடியை எடுத்துவிட்டால் அந்தக் குவளை நிறைந்தபடியே ஜன்னலில் நின்றுவிடும் என்று ஒரு கிழட்டுப் பயம். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் வாத்தை ஓட்டிக்கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்தினேன். அந்தப் பிடிவாதத்துக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கப்போகிறது. அதுதான் பாரம்.

இப்போது தெரு முழுக்க நம் தண்ணீரைத்தான் எடுத்துப் போகிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை கொதிக்கிறது. மண்ணெண்ணெயை வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று உம் ஷலபி மிரட்டி வாங்குகிறாள். சர்வாதிகாரி.

புதுப் பூட்டு வாங்கவில்லை.

மெத்வல்லி


கெய்ரோ
5 ஜனவரி 1948

அன்புள்ள மாமாவுக்கு, தங்கைக்கு, சின்ன வகீதாவுக்கு ஸலாம்.

நான் நலம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வேலை செய்ய முடியவில்லை, அதற்கு அடுத்த நாளிலிருந்து நன்றாகச் செய்கிறேன். பதில் எழுதச் சில வாரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதல் வரியோடு நின்றது.

ஊசிக்கு நழுவியதைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன். உங்களுக்கு அறுபத்து மூன்று வயது. முழங்கால் சரியில்லாதவர் வரிசையிலிருந்து நழுவினாராம். இன்னும் எனக்கு ஆறவில்லை. வாத்துகளுக்கு நிறம் போய்விட்டதா? பெட்டியில் இருபத்து மூன்று கட்டி சோப்புதான் மிச்சம் என்று இன்ஷிராஹ் எழுதியிருக்கிறாள். மறுபடி நாற்பதாக்குங்கள். இந்த நோய் போனால் இன்னொன்று வரும்.

ரயில் விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மதியம் வருகிறேன். நிலையத்துக்கு வந்து விசில் ஊதாதீர்கள்.

குவளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, கொதிநீரில் போட்டு எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாசலில் நின்று அதில் ஒரு தடவை குடிக்கப்போகிறேன். நீங்களே மொண்டு ஊற்றுங்கள். கொதிக்கவைத்ததுதானா என்று கேட்காமல் குடித்துவிடுவேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்கள்
தவ்லத்